நிற்காத வண்டியின் வால்

ரோடு பிரிகிற ஏழுபுளி விலக்கில் ஒருநாளும் நிற்காமல் போகிற பஸ், ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் தன் வாலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனது. பால் பூத்தில் தொடங்கிச் சங்கிலியின் டீக்கடை வாசல் வரைக்கும், நீலமும் வெள்ளையுமாக, நனைத்துப் பிழிந்த வாயில் சேலையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்தாற்போல, அது ரோட்டின் மேல் அந்தரத்தில் கிடந்தது. பஸ் அதற்குள் அடுத்த ஊரைத் தாண்டியிருக்கும். சங்கிலி கடையிலிருந்து இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார், வலது கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டார், உள்ளே காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது, கையை எடுத்து மோந்தால் டீசலும் பிச்சிப்பூவும் யாரோ வாந்திக்குப் பயந்து கசக்கிய எலுமிச்சம்பழமும் கலந்த வாடை. "பஸ்சேதான்," என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிற சத்தம் கேட்டதால் கடைக்குள் போய்விட்டார்.

அந்த நேரத்தில் பஸ்சைப் படம் பிடித்தவள் செண்பகவடிவு. விலக்கில் இருக்கிற ஒரே ஸ்டுடியோ அவளுடையது; காதுகுத்து முதல் கருமாதி வரைக்கும் அந்த வட்டாரத்தில் அவள் கேமராவுக்குத் தப்பிய முகம் கிடையாது. தான் எடுத்த படத்துக்காக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதும் கிடையாது. மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் குறை சொன்னால், "மூக்கு அங்கன இருந்துச்சு, நான் எடுத்தேன்," என்பாள். அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான். கேமராவின் பின்பக்கத்தில் படத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள், இரண்டும் ஒன்றாக இருந்தது, சரிதான் என்று மூடியைப் போட்டாள். ஷட்டரை அரை வினாடி திறந்து வைத்தாள், அரை வினாடியில் பஸ் எவ்வளவு தூரம் ஓடியதோ அவ்வளவு தூரத்துக்கு இழுபட்டுப் படத்தில் விழுந்தது, ரோட்டிலும் விழுந்தது.

அவள் ஏன் விடியக்காலம் ஐந்தே முக்காலுக்குப் போய் நின்று பஸ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றால், அது அவள் வீட்டுக்காரர் தளவாய்க்காக. தளவாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டவுன் பெரியாஸ்பத்திரியில் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். எட்டு மணிக்கு அவர் பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் இல்லையென்றால் வரிசையில் அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. ஐந்தே முக்கால் வண்டி ஏறினால் ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசல். ஆனால் அது நிற்காது. நிற்கிற டவுன் பஸ்சோ முதலில் மேற்கே போய், அங்கே ஒரு வண்டி மாறி, வந்த வழியாகவே ஏழுபுளியைத் தாண்டிக் கிழக்கே போய்ச் சேரும்போது ஒன்பதேகால். இரண்டில் ஒரு தடவை மெஷின் கைநழுவிப் போனது. தளவாய் வீங்கின காலை நீட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் சாயங்காலம் வரைக்கும் கிடப்பார், யாராவது வராமல் போனால் தனக்குக் கிடைக்கும் என்று.

அந்த வண்டி நிற்க வேண்டும் என்று மூன்று வருஷமாக ஊர் மனுப் போட்டுக்கொண்டிருந்தது. போன மாசிக்கு வந்த புது அதிகாரி, நல்ல மனுஷர்தான், ஆனால் காகிதத்தில் இல்லாததைக் கண்ணால் பார்க்க மாட்டார். "பஸ் நிக்கிறதில்லங்கிறதுக்கு ஆதாரம் குடுங்கம்மா," என்றார். வடிவு சாயங்காலத் திருப்பு வண்டியை நல்ல வெயிலில் ஆயிரத்தில் ஒரு வினாடி வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். நம்பர் தெளிவு, டிரைவர் மீசை தெளிவு, சக்கரத்தின் ஆணி தெளிவு. அதிகாரி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி நிக்குதே."

"ஓடுது சார். நான் சட்டுனு எடுத்ததுனால நிக்கிற மாதிரி இருக்கு."

"படத்துல நிக்குதும்மா. ஓடுறது தெரியணும், நம்பரும் தெரியணும், விடியக்காலம் வண்டியாவும் இருக்கணும். அப்படி ஒண்ணு கொண்டாங்க."

அதனால்தான் அரை வினாடி. விடியல் வெளிச்சத்துக்கு அதற்கு ரொம்பக் குறைத்து வைத்தால் படம் அடுப்புக்கரியாக விழும். பிளாஷ் போட்டால் டிரைவர் கண் கூசி வண்டி புளியமரத்தில் ஏறும். அரை வினாடியில் ஓட்டம் நன்றாகத் தெரிந்தது, நம்பர்தான் வெள்ளைக் கோடாகப் போய்விட்டது. வடிவு விடுகிறவள் இல்லை. மறுநாள் கால் வினாடி, அதற்கு மறுநாள் எட்டில் ஒரு வினாடி என்று எடுத்துக்கொண்டே போனாள், நம்பர் பிடிபடவில்லை, ஒவ்வொரு நாளும் ஒரு வால் கூடிக்கொண்டே போனது. ஆனி முடிவதற்குள் விலக்கில் ஐந்து வால்கள், நெட்டையும் குட்டையுமாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள், அது நகரவில்லை. ஊடே ஓட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை, சட்டைக் கையில் கொஞ்சம் நீலம் ஒட்டியது, துவைத்தால் போய்விட்டது. பிறகு பஞ்சாயத்துத் தலைவி அன்னபாக்கியத்தின் மாமியார், முப்பது வருஷமாக வெளியூர் போகாதவள், ஜன்னல் உயரத்துக்கு ஒரு முக்காலியைப் போட்டு வாலுக்குள் ஏறி உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்து இறங்கும்போது தலைமுடி பறந்து கலைந்திருந்தது, முகத்தில் ரோட்டுப் புழுதி, கண்ணில் அப்படி ஒரு குளிர்ச்சி. "எம்மா, என்னா காத்து," என்றாள். அதற்குப் பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? பெண்கள் மத்தியானச் சோற்றை முடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலும் புளிச்சோறுமாக வந்து வாலில் ஏறினார்கள். ஜன்னலோரத்துக்குச் சண்டை வந்து, ஒற்றைப்படைத் தேதி கீழத்தெரு, இரட்டைப்படை மேலத்தெரு என்று பஞ்சாயத்து முடிவு செய்தது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பக்கம் உட்கார வேண்டும் என்றும் முடிவானது. புருஷனோடு சண்டை போட்டவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறந்த வீட்டுக்குப் போய் வந்த தெம்போடு திரும்பிப் போனாள். சாலைத்துறை ஆட்கள் வந்து, வாலைப் பதினைந்து நாளுக்குள் அகற்றாவிட்டால் ஆக்கிரமிப்பாகக் கருதப்படும் என்று ஒரு நோட்டீசை அதன்மேலேயே ஒட்டப் பார்த்து, பசை நிற்காமல், புளியமரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போனதில் ஒரே ஒரு காரியம் கெட்டது. ஊர் மனுவை மறந்தது. அடுத்த மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டுப் போன வடிவிடம், "நிக்காத வண்டின்னு இனிமே எப்படி மைனி எழுத முடியும்? அதான் இங்கனயே கெடக்குல்லா," என்றார் சங்கிலி. அவர் கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் வடிவுக்குச் சுருக்கென்றது.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை தளவாய்க்கு மறுபடி மெஷின் தவறியது. இன்னும் இரண்டு முறை இப்படி ஆனால் நுரையீரலில் நீர் ஏறிவிடும், அப்புறம் எங்கள் கையில் இல்லை என்று நர்சம்மா வடிவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வடிவு அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளைக் காணவில்லையே என்று தேடி வந்தவள், அவரை வாலுக்குள் கண்டாள். ஜன்னலோரம், மடியில் ஆஸ்பத்திரி நோட்டு வைத்த மஞ்சப்பை, வெள்ளைச் சட்டை, கண்ணை மூடி முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் கபடியில் எதிராளி நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்ட உடம்பு, காற்றில் சட்டையோடு சேர்ந்து ஆடியது.

"இதுல இருந்தாலும் போற மாதிரித்தாம்ட்டி இருக்கு," என்றார், கண்ணைத் திறக்காமல். "ஆஸ்பத்திரி வந்துரும்னு தோணுது."

வடிவுக்குப் பயம் என்பது அபூர்வம். வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். கையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தாள்.

"இது வராதுங்க. ரெண்டு வருசம் உக்காந்தாலும் இது எங்கயும் போவாது. இது போன வண்டி."

அவருடைய கலைந்த முடியை அவள் தன் கையாலேயே படிய வைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வழி கிடைத்தது அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில், ஒரு கிடாயால். நேர்ந்துவிட்ட கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு கோவில் மதிலோரமாக ஓடியது. வடிவு அன்று கால் வினாடியில் வைத்திருந்த கேமராவை மாற்றப் பொழுதில்லாமல், கிடா ஓடுகிற வேகத்துக்கே இடுப்பைத் திருப்பி, அதன் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஷட்டரை அழுத்தினாள். படத்தில் கிடா முடிக்கு முடி தெளிவாக நின்றது, மதிலும் கூட்டமும் கோடு கோடாக ஓடியது. நிஜத்திலும் அப்படியே, கிடா நின்று எதையோ மென்றுகொண்டிருக்க மதில்தான் அதை ஒட்டி ஓடிற்று என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கிடாயின் சொந்தக்காரர் நின்ற இடத்தில் நின்றவர், ஒரு அடி எடுத்து வைக்காமலே கிடா பக்கத்தில் போய்ச் சேர்ந்து, கயிற்றைப் பிடித்தார். மதிலில் மேலிருந்து கீழாகப் போன சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அன்றிலிருந்து குறுக்கே போயின. "அம்மனுக்கு மாத்தி உடுத்தணும்னு தோணியிருக்கும்," என்று பூசாரி சூடத்தைக் காட்டினார்.

வடிவு அன்று கோவில் பொங்கலைக்கூட வாயில் வைக்கவில்லை. கேமரா நின்றால் ஓடுகிறது கலையும். ஓடுகிறதோடு கேமராவும் திரும்பினால் நிற்கிறது கலையும். இருபது வருஷமாகக் கையில் இருந்த வித்தை. நிற்கிறவர்களையே எடுத்து எடுத்து அதை மறந்திருந்தாள். பஸ் ஊருக்காக நிற்காது. சரி, ஊர் பஸ்சுக்காக ஓடட்டும்.

அன்றைக்கே தலைவியைப் பிடித்து ஊரைக் கூட்டச் சொன்னாள். வாலுக்குக் கீழேதான் கூடினார்கள், நிழலாக இருந்தது. வடிவு சுற்றி வளைக்காமல் சொன்னாள்: செவ்வாய் விடியக்காலம் வண்டி வரும்போது நான் அதோடு சேர்ந்து கேமராவைத் திருப்புவேன், வண்டி நிற்கும், ஊர் ஓடும், என் வீட்டுக்காரர் ஏறிவிடுவார். ஆனால் ஊரும் நீங்களும் கொஞ்சம் கலைவீர்கள்.

"கலையறதுன்னா எவ்ளவு?" என்று அன்னபாக்கியம் கேட்டாள்.

"மதிலைப் பாத்தியள்லா. அது மாதிரி. மூஞ்சி கொஞ்சம் ஓரத்துல இழுபடும்."

சலசலப்பு எழுந்தது. பெண் பார்க்க வருகிற வீட்டில் கவலை. ரேஷன் அட்டையில் முகம் பொருந்தாதே என்று ஒரு பேச்சு. ஒரு ஆளுக்காக ஊரே கலைய வேண்டுமா என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரலுக்குத்தான் வடிவு பதில் சொன்னாள்.

"ஒரு ஆளுக்காகத்தான். அவருக்கு இன்னும் ரெண்டு தவணைதான் இருக்கு. மூணாவது தவணைக்கு நான் இங்கன படம் எடுக்க மாட்டேன், நீங்கதான் வந்து தூக்கணும். இத்தனை வருசமா நான் சொன்னப்ப எல்லாம் அசையாம நின்னிய. ஒரே ஒரு தடவ அசையுங்கன்னு கேக்கேன்."

கடைசியில் சங்கிலி தோளில் கிடந்த துண்டை உதறினார். "எம் மூஞ்சி இம்புட்டு நாள் தெளிவா இருந்து என்னத்தக் கண்டோம்? எடு மைனி," என்றார். அதோடு கூட்டம் கலைந்து, அவரவர் வீட்டில் தண்ணீர்க் குடத்தை மூடி வைக்கப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியக்காலம் விலக்கு முழுவதும் நின்றது, கைக்குழந்தையிலிருந்து கோல் ஊன்றினவர்கள் வரைக்கும், கலியாணப் படத்துக்கு நிற்பதுபோல நல்லதாக உடுத்திக்கொண்டு, மாட்டைக் கட்டி, கோழியைக் கவிழ்த்து, கொடியில் கிடந்த துணியை எடுத்து. தளவாய் ரோட்டோரம் மஞ்சப்பையோடு நின்றார். வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு, காலை அகட்டி மண்ணில் ஊன்றி, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, கேமராவைக் கண்ணில் வைத்தாள். விரலை எடுக்கிற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும்படி வைத்திருந்தாள். வீங்கின காலால் படியேற எத்தனை வினாடி ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

மேற்கே இரண்டு விளக்கு தெரிந்தது. வண்டி எப்போதும்போல ஏழுபுளி என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாத வேகத்தில் வந்தது. வடிவு அதன் முன்படியைக் கண்ணால் பிடித்தாள், கூடவே இடுப்பைத் திருப்பினாள், அழுத்தினாள்.

ஊர் கிளம்பியது. சத்தமே இல்லை, டீக்கடையும் பால் பூத்தும் ஏழு புளியமரமும் அம்மன் கோவிலும் கிணறும் கிணற்று ராட்டையும், அதன் நடுவில் நின்ற அத்தனை ஜனமும், நின்ற நிலையிலேயே, கால் பெயர்க்காமல், பஸ்சோடு தோளோடு தோளாகக் கிழக்கே ஓடினார்கள், சங்கிலியின் கையில் இருந்த டீ கிளாசில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை, பழைய வால்கள் ஐந்தும் அறுந்து பின்னால் பறந்தன, நடுவில் பஸ் மட்டும் அசையாமல், இஞ்சின் உறுமிக்கொண்டு, கதவு திறந்தபடி நின்றது. கண்டக்டர் படியில் நின்று, எதிரே ஒரு ஊரும் தன்னோடேயே வருவதைப் பார்த்துவிட்டு, வழக்கப்படி, "ஏறுங்க, ஏறுங்க, சீக்கிரம்," என்றார்.

தளவாய் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். அடுத்த கால் எழவில்லை. அதற்குள் ஊர் கிழக்கே பால் பண்ணைத் திருப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. வடிவின் இடுப்பு திருகி எரிந்தது. இதற்குமேல் திரும்ப உடம்பில் இடமில்லை என்கிற இடம் வந்தபோது ஒரு பாதத்தை மட்டும் மண்ணில் தேய்த்து நகர்த்தி, இன்னும் திரும்பினாள். "ஏறும்யா," என்று சங்கிலி கத்தினார். "கபடி பாடிப் போன காலுதானவே, தூக்கும்!" ஊர் முழுக்கக் கபடிப் பாட்டை எடுத்தது, மூச்சு விடாமல், கிழவிகள் முதற்கொண்டு. தளவாய் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, வடிவு இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறிவிட்டார். அவர் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து மஞ்சப்பையை மடியில் வைக்கிற வரைக்கும் பொறுத்து, வடிவு விரலை எடுத்தாள்.

பஸ் போனது. ஏழுபுளி விலக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு கண்மாய்க் கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மேயப் போன மாடு மாதிரி சாயங்காலத்துக்குள் அதுவாகத் திரும்பி வந்து சேர்ந்துவிட்டது. ஒரு புளியமரத்துக்கு மட்டும் அந்தக் கரை பிடித்துப்போய் அங்கேயே நின்றுகொண்டது. சங்கிலியின் மீசை அன்றிலிருந்து ஒரு பக்கம் காது வரைக்கும் போகிறது, அதில் அவருக்குப் பெருமைதான். தளவாயை எட்டு மணிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவர் தாழ்வாரத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

படம் வந்தது. வண்டி நம்பரோடு, டிரைவர் தலைக்கு மேல் மணி காட்டும் கடிகாரத்தோடு, தெளிவாக நடுவில் நின்றது. முன்படியில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாகத் தளவாய், திரும்பிப் பார்க்கிற முகம், நோய் வந்த பிறகு அவ்வளவு துலக்கமாக அந்த முகம் எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. எத்தனையோ வினாடி திறந்து கிடந்த ஷட்டரில் அவர் ஏறினதும் இல்லை, உட்கார்ந்ததும் இல்லை, அந்தத் திரும்பின ஒரு நொடிதான் இருந்தது. அவருக்குப் பின்னால் ஊர் முழுக்கக் கோடுகள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பஸ் நிக்குதும்மா. ஆளும் ஏறுறாரு. அப்புறம் எதுக்கு மனு?"

வடிவு வாயைத் திறந்தாள். பிறகு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தன் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி கோப்பைத் திருப்பி, 'ஏழுபுளி விலக்கில் காலை ஐந்தே முக்கால் பேருந்து நின்று ஆள் ஏற்றுகிறது. புகைப்பட ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, முத்திரை குத்தி, மனுவை முடித்தார். கோப்பில் நிற்கிற வண்டி ரோட்டில் நிற்காமல் இருக்க முடியாது. நகல் பஸ்காரர்களுக்குப் போனது, அங்கிருந்து, நிற்க வேண்டிய ஊர்கள் எழுதிய டிரைவரின் தடச்சீட்டுக்கு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் வண்டி வேகம் குறைந்து, பிரேக் கிறீச்சிட்டு, ஆறு புளியமரங்களுக்கு எதிரே வந்து நின்றது.

அன்று வடிவு கேமராவைத் தொடவில்லை. தளவாயின் கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டாள், அவர் நிதானமாக ஏறினார், அவசரமே இல்லை. அந்தப் பழைய படம் இப்போது சங்கிலியின் கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. டீ குடிக்க வருகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் தங்கள் கோட்டை விரல் வைத்துக் காட்டுவார்கள், இந்தப் பச்சை நான், அந்த மஞ்சள் எங்க மதினி, இந்த நெட்டைக் கறுப்பு சங்கிலியண்ணாச்சி மீசை என்று. யாருக்கும் முகம் தெரியவில்லையே என்று குறை இல்லை. தெரிய வேண்டிய முகம் நடுவில் தெரிகிறது.

பஸ் இப்போதெல்லாம் தினமும் நிற்கிறது. ஆனால் அது கிளம்புகிற நேரத்தில் மட்டும், பழக்கத்தில், ஊர் ஒரு எட்டு எடுத்து வைத்துவிடுகிறது.